பழைய கேபோவர் வாங்கி அமெரிக்கால லாங் ஹால் ஓட்டறவங்களுக்கு

எங்க நாமக்கல் பக்கம் லாரின்னாலே மூஞ்சி தட்டையாத்தான் இருக்கும். எஞ்சின் மேலயே டிரைவர் சீட்டு, பக்கத்துல பானட்டு, அது மேல ஒரு மெத்தைய போட்டு கிளீனர் பையன் காலை மடக்கி தூங்கிட்டு வருவான், அதுல என்ன அதிசயம்னுதான் எங்களுக்கெல்லாம் தோணும். இங்க அமெரிக்கால கேபோவர்னு சொல்ற அதே தட்டை மூஞ்சி வண்டிய டிரக் ஸ்டாப்புல நிறுத்தினா ஆளுங்க வந்து போட்டோ எடுக்கறாங்க, சில பெருசுங்க கண்ணு கலங்கி எங்க அப்பா இதத்தான் ஓட்டுனாருன்னு அரை மணி நேரம் கதை சொல்றாங்க.

ஒரு காலத்துல இங்கயும் இதுதான் நிறைய ஓடுச்சு. பல மாநிலத்துல வண்டியோட மொத்த நீளத்துக்கு கட்டுப்பாடு இருந்துச்சு, மூக்க வெட்டுனா அந்த அளவுக்கு டிரெய்லர நீட்டிக்கலாம்னு எல்லாரும் கேபோவர் வாங்குனாங்க. 1982ல வந்த சட்டம் பெரிய ஹைவேல மொத்த நீளத்த பாக்காதீங்க, டிரெய்லர் நீளத்த மட்டும் பாருங்கன்னு சொல்லிருச்சு, அன்னிக்கு ஆரம்பிச்சது இறங்குமுகம். 2006ல ஃப்ரைட்லைனரோட ஆர்கோசிங்கற கேபோவரும் இந்த மார்க்கெட்டுல விக்கறது நின்னதோட லாங் ஹாலுக்கு, அதாவது தூரத்து லோடு ஓட்டத்துக்கு, புதுசா வாங்கறதுங்கற பேச்சே முடிஞ்சு போச்சு. அதனால நீங்க இப்ப வாங்கப்போறது கென்வொர்த் கே100, பீட்டர்பில்ட் 362, ஃப்ரைட்லைனர் எஃப்எல்பி, இன்டர்நேஷனல் 9700 இந்த மாதிரி ஏதோ ஒண்ணாத்தான் இருக்கும், எல்லாமே இருபது முப்பது வயசு தாண்டுனது. நான் ஓட்டறது 94 ஆரம்பத்துல செஞ்ச கே100, கம்மின்ஸ் என்14, 13 ஸ்பீடு கியர்.

இத வாங்கலாமான்னு கேக்கறவங்க எல்லாரும் எஞ்சின பத்திதான் கேக்கறாங்க, எத்தன மைல் ஓடிருக்கு, போர் பண்ணிருக்கா, ஆயில் குடிக்குதான்னு. எஞ்சின் பழசா இருக்கறது பிரச்சனையே இல்லீங்க. கம்மின்ஸ், கேட் 3406, டெட்ராய்ட் 60 சீரிஸ் எதுவா இருந்தாலும் லைனர், பிஸ்டன், கேஸ்கெட், டர்போ எல்லாம் இன்னிக்கும் கடைல கெடைக்குது, கியர்பாக்ஸ் கிரவுன் அப்படியே, பிரேக் வால்வு அப்படியே. வண்டிய ரோட்டோரம் வாரக்கணக்குல நிக்க வெக்கறது கேபினுக்குன்னே செஞ்ச பார்ட்ஸ்தான். கதவு கீல், கேபின் பூட்டற லாக்கு, தூக்கற சிலிண்டர், ஹீட்டர் பெட்டி, வைப்பர் லிங்கு, எஞ்சின மூடிருக்கற டப்பாவோட ரப்பர், கியர் லீவர்ல இருந்து கியர்பாக்ஸ் வரைக்கும் போற ராடு, இதெல்லாம் எந்த கடைலயும் ஷெல்ஃபுல இருக்காது. அதனால மோசமான எஞ்சின் நல்ல கேபின் இருக்கற வண்டி வேணும்னா வாங்குங்க, நல்ல எஞ்சின் மோசமான கேபின் இருந்தா காசு குறைவா சொன்னாலும் விட்டுட்டு வாங்க. முன் கண்ணாடி தட்டையா ரெண்டு துண்டா இருந்தா ரொம்ப நல்லது, எந்த ஊர் கண்ணாடிக் கடைலயும் லேமினேட் கண்ணாடிய அளவெடுத்து வெட்டி போட்டுருவாங்க. வளைஞ்ச கண்ணாடின்னா தேடி அலையணும்.

பாக்க போறப்ப ஓனர கேபின முழுசா தூக்கி காட்ட சொல்லுங்க, எஞ்சின் அடில இருக்கறதால அத தொடணும்னா கேபினையே முன்னாடி சாய்ச்சு தூக்கணும். தூக்க மாட்டேன், பம்பு கொஞ்சம் மக்கர்னு சொன்னா அங்கயே பாதி விலை பேசுங்க, இல்லன்னா கிளம்புங்க. தூக்குனதும் நேரா எஞ்சினுக்கு போகாதீங்க, கேபின் மடங்கற கீல் இருக்கற எடத்துக்கு போங்க. ஒயரிங், ஏர் லைன், ஹீட்டர் ஹோஸ், ஆக்ஸிலேட்டர், கிளட்ச் எல்லாமே அந்த ஒரு மடிப்புலதான் ஒவ்வொரு தடவ தூக்கும்போதும் வளைஞ்சு நிமிருது. முப்பது வருஷம் வளைஞ்ச ஒயர் மேல பாத்தா நல்லா இருக்கும், உள்ள செம்பு அறுந்துருக்கும், மழைல மட்டும் லைட்டு போகும், நீங்க ஸ்விட்ச மாத்துவீங்க பல்ப மாத்துவீங்க, கடைசில பாத்தா அங்கதான் இருக்கும். நான் வாங்குன மொத மாசமே அந்த எடத்து ஒயர் கட்ட முழுசா புதுசா இழுத்துட்டேன், எர்த் ஒயரும் சேர்த்து, அதோட லைட்டு தொல்லை தீந்துச்சு.

இப்ப தூக்கற முறைய சொல்றேன், இதுல அவசரப்பட்டா உயிர் போற விஷயம். சமமான தரைல நிறுத்துங்க, முன்னாடி ஆளும் சுவரும் இல்லாம எடம் இருக்கணும், எஞ்சின ஆஃப் பண்ணி நியூட்ரல்ல போட்டு பார்க்கிங் பிரேக் புடிச்சு சக்கரத்துக்கு கட்டை குடுங்க. கதவ நல்லா சாத்துங்க. அப்பறம் கேபின் உள்ள இருக்கற சாமான் எல்லாத்தையும் இறக்குங்க, எல்லாத்தையும்னா எல்லாத்தையும். நான் ஒரு தடவ பெல்ட்டு பாக்கறதுக்குதானேன்னு சோம்பேறித்தனப்பட்டு சீட்டுக்கு பின்னாடி இருக்கற ஸ்லீப்பர் படுக்கைல குக்கர வெச்சுட்டே தூக்கிட்டேன், பாதி தூக்கும்போது குக்கர் உருண்டு வந்து நேரா முன் கண்ணாடில இறங்குச்சு, உள்ள இருந்த பருப்பு டேஷ் போர்டு ஃபுல்லா, அந்த வாசம் ஏசி வழியா ரெண்டு மாசம் வந்துச்சு. சரி, விஷயத்துக்கு வர்றேன். லாக்க விடுவிச்சு வால்வ தூக்கற பக்கம் திருப்பி பம்ப் அடிங்க. ஒரு கட்டம் வரைக்கும் நீங்க தூக்கறீங்க, அதுக்கப்பறம் கேபின் தன்னோட எடையிலயே முன்னாடி சாயும், அப்ப சிலிண்டர் சீல் மோசமா இருந்தா சடக்குனு விழும். பாதில நிக்கற கேபினுக்கு அடில தலைய விடவே கூடாது, முழுசா போய் சேஃப்டி தாங்கல் மாட்டுன பிறகுதான் உள்ள போகணும். இறக்கும்போது ரெண்டு பக்க லாக்கும் விழுந்துருக்கான்னு கண்ணால பாத்து கையால ஆட்டி பாருங்க. லாக்கு விழாத கேபினோட பிரேக் புடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல.

அடுத்து சட்டம், ஏன்னா எங்க ஓட்டலாம்ங்கறத வெச்சுதான் வருமானமே. கலிபோர்னியாவ மறந்துருங்க. 2023 ஜனவரி 1ல இருந்து அங்க ஓடணும்னா 2010லயோ அதுக்கு அப்பறமோ வந்த எஞ்சின் வேணும், அந்த மாநிலத்துக்குள்ள வருஷத்துக்கு 1,000 மைலுக்குள்ள ஓட்டறவங்களுக்கு ஒரு சின்ன விலக்கு இருக்கு, ஆனா லாங் ஹால்காரனுக்கு அது எந்த மூலைக்கு. லாஸ் ஏஞ்சலஸ் லாங் பீச் பக்கத்து லோடு எல்லாம் உங்களுக்கு இல்லன்னு முடிவு பண்ணிட்டு, நடு மாநிலம், டெக்சாஸ், தெக்கு கிழக்குன்னு ஒரு வட்டம் போட்டுக்கோங்க. நான் இண்டியானால இருந்து டல்லாஸ், அங்கருந்து ஜார்ஜியா, திரும்ப வீடு, இதுதான் என் முக்கோணம். இதுல ஒரு லாபம் என்னன்னா வழில எந்த ஊர்ல யாரு கைல பழைய வண்டி பழகிருக்குன்னு தெரிஞ்சு போகும்.

இன்னொன்னு எல்லாரும் ஆசைப்படறது, ஓட்டற நேரத்த தானா பதிவு பண்ற அந்த மின்னணு லாக் பொட்டி தேவையில்லங்கறது. 2000க்கு முந்தின மாடல் எஞ்சின் இருந்தா பேப்பர்ல எழுதிக்கலாம், உண்மைதான். கணக்கு எஞ்சினோட வருஷத்துல, வண்டி வருஷத்துல மட்டும் இல்ல, அதனால பின்னாடி வந்த வண்டில பழைய எஞ்சின் ஏத்திருந்தாலும் செல்லும், அதுக்கான பேப்பர் ஆபீஸ்ல இருக்கணும், நான் ஒரு காப்பிய வண்டிலயும் வெச்சுக்கறேன், ரோட்டுல நிறுத்தி கேட்டா வாக்குவாதம் மிச்சம். ஆனா பொட்டி இல்லன்னா நேரக் கட்டுப்பாடும் இல்லன்னு நெனச்சுக்காதீங்க, 11 மணி நேரம் ஓட்டறது, வேலை ஆரம்பிச்சதுல இருந்து 14 மணி நேர வட்டம், 8 நாளைக்கு 70 மணி வேலை எல்லாம் அப்படியேதான் இருக்கு. பேப்பர் பாக்கறவங்க டீசல் பில்லு நேரத்தையும் சேத்து வெச்சு பாப்பாங்க. கனடா பக்கம் போறவங்களுக்கு ஒரு வார்த்தை, ஒன்டாரியோல 1994 டிசம்பர் 31க்கு பின்னாடி செஞ்ச எலக்ட்ரானிக் எஞ்சின் கனரக வண்டின்னா 105 கிலோமீட்டர்ல ஸ்பீட கட்டிருக்கணும்.

காசு கணக்க நேரா போட்டுருவோம். வருஷத்துக்கு 1,00,000 மைல்னு வெச்சுக்கோங்க. தட்டை மூஞ்சி கேலனுக்கு 5.5 மைல் குடுத்தா 18,180 கேலன் சொச்சம், புது வண்டி 7.5 குடுத்தா 13,330. வித்தியாசம் 4,850 கேலன், கேலன் 4 டாலர்னு போட்டா 19,400 டாலர் நீங்க காத்த கிழிக்கறதுக்காக குடுக்கறீங்க. புது வண்டிக்கு மாசத் தவணை ஒரு 2,500 டாலர்னா வருஷம் 30,000, அது போக புது வண்டி விலைல 12 சதவீதம் மத்திய வரி வேற. அப்ப உங்க கைல நிக்கறது 10,600 டாலர், அவ்ளோதான். இந்த 10,600ஐ ஒரு டோ வண்டி, ஒரு டர்போ, பத்து நாள் ஓட்டம் இல்லாம நின்னது மூணும் சேர்ந்து முழுங்கிரும். அதனாலதான் சொல்றேன், ஸ்பேனர் புடிக்க தெரியாதவங்க, தெரிஞ்சாலும் புடிக்க சலிக்கறவங்க இத வாங்காதீங்க, ஒவ்வொரு வேலைக்கும் பட்டறைக்கு மணிக்கணக்குல கூலி குடுத்தா இது பொழப்பு இல்ல, பொழுதுபோக்கு. அந்த 5.5ஐயும் நீங்க 60 மைல் ஸ்பீடுக்கு மேல போகாம இருந்தாத்தான் பாக்கலாம். தட்டை மூஞ்சிக்கு ஸ்பீடு ஏற ஏற காத்து எதிர்ப்பு அந்த ஸ்பீடோட வர்க்கத்துல ஏறும், 70ல போனா டீசல் கேஜ் இறங்கறது கண்ணுக்கே தெரியும். புது வண்டிக்காரன் ஓவர்டேக் பண்ணட்டும் விடுங்க.

பிரேக்க பத்தி கொஞ்சம் நின்னு பேசணும். 1994 அக்டோபர் 20க்கு முன்னாடி செஞ்ச வண்டில பிரேக் தானா அட்ஜஸ்ட் ஆகற ஸ்லாக் அட்ஜஸ்டர் இருந்தே ஆகணும்னு இல்ல, ஏபிஎஸ் கட்டாயம் ஆனது 1997 மார்ச்சுல. என்னோடது கை அட்ஜஸ்ட்மென்ட்தான், நாமக்கல்ல கத்துக்கிட்டது அப்படியே கை குடுத்துச்சு. சக்கரத்துக்கு கட்டை போட்டு பார்க்கிங் பிரேக்க விட்டுட்டு, 9/16 ஸ்பேனர் போட்டு ஷூ டிரம்ம தொடற வரைக்கும் இறுக்கி அப்பறம் கால் சுத்துல இருந்து அரை சுத்து வரைக்கும் திருப்பி விடணும், டிரம்ல உரசற சத்தம் இல்லாம சுத்தணும். காத்து அழுத்தத்துல ராட தள்ற டப்பாதான் பிரேக் சேம்பர், சாதாரண 30 டைப் சேம்பருக்கு பிரேக் அமுக்கும்போது அந்த ராடு 2 இஞ்சுக்கு மேல வெளிய வரக்கூடாது. ராடுல ஒரு பெயிண்ட் கோடு போட்டு வெச்சுருங்க, தினம் காலைல குனிஞ்சு பாத்தா தெரியும். அஞ்சு ஆக்ஸில் வண்டில பத்து பிரேக், அதுல ரெண்டு அட்ஜஸ்ட்மென்ட் தாண்டிருந்தா 20 சதவீதம், அந்த எடத்துலயே வண்டிய நிறுத்திருவாங்க. அதுலயும் பழைய வண்டிய பாத்தாலே எடை மேடைல இன்ஸ்பெக்ஷனுக்கு ஒதுக்குவாங்கன்னு எடுத்துக்கோங்க. ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டர் இருக்கறவங்க அத அடிக்கடி கையால திருகாதீங்க, அது அட்ஜஸ்ட் ஆகலன்னா வேற எங்கயோ கோளாறு, திருகினா கோளாறு மறைஞ்சு போகும், டென்னசில மான்ட்ஈகிள் இறக்கத்துல வெளிய வரும்.

டீசல்லயும் ஒரு சமாச்சாரம் இருக்கு. 2006ல இருந்து கந்தகம் ரொம்ப குறைச்ச டீசல் வந்துருச்சு, பழைய பம்புல இருக்கற ரப்பர் சீல் எல்லாம் பழைய டீசல்ல ஊறி உப்பிருந்தது, புது டீசல்ல சுருங்கி ஒழுக ஆரம்பிக்கும். பல வருஷமா கொட்டகைல நின்ன வண்டிய வாங்குனா பம்பு சீல், டீசல் ஹோஸ் ரெண்டையும் மொத வேலையா மாத்துங்க. கூலன்ட்ட வெறும் பச்சை தண்ணின்னு நெனைக்காதீங்க, இந்த எஞ்சின்ல லைனர் தண்ணிக்குள்ளயே நிக்குது, எஞ்சின் அதிர்வுல சின்ன சின்ன ஆவிக் குமிழ் வெடிச்சு லைனர ஊசி குத்துன மாதிரி தொளைச்சுரும், அத தடுக்கற மருந்து கூலன்ட்டுல இருக்கான்னு டெஸ்ட் பட்டை வாங்கி பாக்கணும், பட்டை காசு ரெண்டு டீ காசு. ஆயில் மாத்தும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு சாம்பிள லேபுக்கு அனுப்புங்க, பேரிங் தேயறதும் கூலன்ட் கலக்கறதும் சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பேப்பர்ல வந்துரும்.

ஓட்டறதுல மூக்கு வண்டில பழகுனவங்க மொத வாரம் தடுமாறுவாங்க. முன் சக்கரம் உங்க காலுக்கு கீழயோ கொஞ்சம் பின்னாடியோ இருக்கு, அதனால திரும்பறப்ப உங்க உடம்பு சந்துக்குள்ள போன பிறகுதான் ஸ்டீரிங்க ஒடிக்கணும், சீக்கிரம் ஒடிச்சா டிரெய்லர் நடைபாதை மேல ஏறும். நம்ம ஊர்ல ஓட்டுனவங்களுக்கு இது ரத்தத்துல இருக்கும். பழைய குடோன், நியூயார்க் பக்கத்து குறுகலான டாக் இதுலெல்லாம் மூக்கு வண்டிக்காரன் நாலு தடவ எடுக்கறத நீங்க ஒரே மூச்சுல எடுத்துருவீங்க, அப்ப வர்ற கெத்து இருக்கே. ஆனா முன்னாடி உங்களுக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவுல இருக்கறது ஒரு தகரம், அத மறக்காதீங்க. வண்டி நீளத்துக்கு 10 அடிக்கு ஒரு செகண்டு, 40 மைலுக்கு மேல இன்னொரு செகண்டு, கிட்டத்தட்ட 60, 65 அடி வண்டிக்கு ஏழெட்டு செகண்டு எடைவெளி விடணும், குறுக்க கார் பூந்தா திட்டிக்கிட்டே திரும்பவும் விடணும். குலுங்கறது பத்தி எல்லாரும் பயமுறுத்துவாங்க, பாதி குலுக்கல் தேஞ்சு போன கேபின் புஷ், செத்துப்போன ஷாக் அப்சார்பர்ல வர்றதுதான், அத மாத்திட்டு ஒரு நல்ல ஏர் சீட்டு போட்டீங்கன்னா முதுகு பொழைக்கும். இறங்கும்போது குதிக்காதீங்க, மூணு எடம் எப்பவும் புடிப்புல இருக்கட்டும், இந்த உயரத்துல முட்டி ஒரு தடவதான் மன்னிக்கும்.

தூங்கறதுக்கு போறதுக்கு முன்னாடி ஒண்ணு கட்டாயம், கார்பன் மோனாக்சைடு அலாரம். எஞ்சின் உங்களுக்கு அடிலதான், சைலன்சர் மேனிஃபோல்டுல ஒரு சின்ன கசிவு இருந்து எஞ்சின் மூடி ரப்பரும் கிழிஞ்சிருந்தா அந்த விஷ வாயு நேரா படுக்கைக்கு வரும், வாசமே இல்லாம. சின்ன டப்பா, ஸ்லீப்பர்ல தலைமாட்டுல ஒட்டுங்க. அந்த மூடி ரப்பரையும் அடில வெப்பம் தடுக்கற பாயையும் புதுசா போட்டா டெக்சாஸ் வெயில்ல கால் வேகறதும் குறையும். குளிருக்கு எஞ்சின ஓடவிட்டு தூங்காம டீசல் ஹீட்டர் ஒண்ணு மாட்டிக்கோங்க. ஏசி 90களோட ஆரம்பத்து சமாச்சாரமா இருந்தா உள்ள ஆர்12 கேஸா இருக்கலாம், 1996ல இருந்து இங்க அதோட தயாரிப்பே நின்னு போச்சு, ஆர்134ஏக்கு மாத்திருக்கான்னு வாங்கறப்பவே கேளுங்க.

லோடு எடுக்கறப்ப ஒரு சூட்சுமம். 80,000 பவுண்டு முழுசா ஏத்தணும்னா அஞ்சு ஆக்ஸில் வண்டில மொத ஆக்ஸிலுக்கும் கடைசி ஆக்ஸிலுக்கும் நடுவுல 51 அடி வேணும். 53 அடி டிரெய்லர் போட்டா கவலை இல்ல. ஆனா குட்டையா இருக்கற கேபோவர் பின்னாடி 40 அடி கன்டெய்னரோ டேங்கரோ மாட்டுனா 48 அடிதான் வருதுன்னா 78,000தான் போகலாம், மொத்த எடை சரியா இருந்தும் ஃபைன் கட்டுவீங்க. டேப் எடுத்து அளந்துட்டு லோடுக்கு சரின்னு சொல்லுங்க. முன் ஆக்ஸில் 12,000 பவுண்டுக்கு செஞ்சதுன்னா, டிரெய்லர் வந்து மாட்டற தட்டு, அதான் ஐந்தாம் சக்கரம், அத எங்க தள்ளி வெச்சுருக்கீங்கன்னும் பாக்கணும், கேபின் எடை ஏற்கனவே அது மேலதான் உக்காந்துருக்கு. இன்சூரன்ஸ்ல லயபிலிட்டி மத்திய சட்டப்படி குறைஞ்சது 7,50,000 டாலர், புரோக்கருங்க 10 லட்சம் கேப்பாங்க, வண்டி பழசுங்கறதுக்காக அதுல ஒண்ணும் குறையாது. சில கம்பெனி வண்டி வயசு பாத்து லீசுக்கு எடுக்காது, ஷிப்பர் சில பேரும் கேட்டுக்குள்ள விடமாட்டாங்க, லோடு ஒத்துக்கறதுக்கு முன்னாடியே வருஷத்த சொல்லிருங்க.

வண்டில என் பொட்டில எப்பவும் இருக்கறது பெல்ட்டு, ஹோஸ், டீசல் ஃபில்டர், ஏர் லைன் நிப்பிள், ஸ்பிரிங் பிரேக்க கட்டி வெக்கற போல்ட்டு, ஒரு வைப்பர் மோட்டார், கேபின் பம்புக்கு ஹைட்ராலிக் ஆயில், ஒரு கதவு கைப்பிடி. கைப்பிடி எதுக்குன்னு சிரிக்காதீங்க, கதவு சாத்தாத வண்டிய ஓட்ட முடியாது. ரோட்டுல நின்னு மெக்கானிக்க கூப்பிட்டா இளசுங்க பல பேரு கேபின தூக்குனதே இருக்காது, அவங்கள தொட விடாதீங்க, நீங்களே தூக்கி குடுங்க, நீங்களே இறக்குங்க.

பார்ட்ஸ் தேடறதுக்கு பழைய வண்டி ஒடைக்கற யார்டு, விவசாயிங்க ஏலம் ரெண்டும்தான் சுரங்கம். ஆஸ்திரேலியால கென்வொர்த் இன்னிக்கும் கேபோவர் செய்யறாங்க, அங்க ரெண்டு டிரெய்லர் மாட்டற 26 மீட்டர் பி-டபுளுக்கு நீளக் கணக்கு இன்னும் இறுக்கம், ஆனா அங்க ஸ்டீரிங் வலது பக்கம், நம்ம ஊர் மாதிரி, அதனால எல்லா பார்ட்டும் பொருந்தாது, கேட்டு வாங்குங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஜூலைல அயோவா வால்காட்ல, 80ம் நம்பர் ஹைவே மேல இருக்கற அந்த பெரிய டிரக் ஸ்டாப்புல நடக்கற டிரக்கர்ஸ் ஜாம்போரிக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க. மெருகேத்துன பழைய வண்டிங்க வரிசையா நிக்கும், கேபோவர் ஓனர் யாரையாவது புடிச்சு அஞ்சு நிமிஷம் மரியாதையா பேசினீங்கன்னா கேபினையே தூக்கி காட்டிருவாரு. ஒரு டார்ச்சும் கை தொடைக்க ஒரு துணியும் எடுத்துட்டு போங்க.